தட்டைப்புழுவுக்குக் கண் முளைக்கும் நாள்

1

கடல் தாண்டிப் போனவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளைப் படித்து வளர்ந்தவள் நான். நான் தாண்டியது ஆரல்வாய்மொழிக் கணவாயை மட்டும். பாளையங்கோட்டையில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் திருவனந்தபுரம். இதற்குப் போய்ப் புலம்பெயர்வு என்று பெயர் சூட்டினால், டொரான்டோவில் வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கும் என் அத்தை மகள் சிரிப்பாள். ஆனால் நான் திருமணமாகி வந்த புதிதில், ரேஷன் அட்டையை என் கையில் கொடுத்து, "பேரு சரியாணோன்னு நோக்கிக்கே" என்று, பெயரைச் சரிபார்க்கும்படி அலுவலர் சொன்னபோது, அந்த மலையாள எழுத்துகளுள் எது என் பெயர் என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுச் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பெயர் தவறாக இருந்தது. அதைத் திருத்த இரண்டு ஆண்டுகளும் நான்கு அலுவலகங்களும் ஆயின. அவ்வளவு தொலைவுக்குத்தான் நான் வந்திருந்தேன்.

இந்த ஆவணியோடு இருபத்தெட்டு ஆண்டுகள் நிறைந்தன. ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருக்கிறோம். கணவருக்குக் கழக்கூட்டத்தில் அலுவலகம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றி, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். ஆண்டு நிறைவைக் கொண்டாட எழுத உட்காரவில்லை. சென்ற மாதம் என் மகள் கோமதி தன் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பொதுவில் பேசினாள். அந்த அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் கண்டதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கோமதி இங்கே பிறந்தவள். எங்களோடு தமிழ் பேசுவாள். தோழிகளோடு சண்டை பிடிப்பதெல்லாம் மலையாளத்தில். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இந்தக் குறிப்பையும் நான்தான் அவளுக்கு வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும்.

2

அவள் வேலை செய்யும் ஆய்வகம் வித்துரா போகும் வழியில் இருக்கிறது. அறுபட்ட உறுப்பு எப்படி மீண்டும் வளர்கிறது என்பதே அங்கே எல்லோருக்கும் கேள்வி. சிலர் மீன்களின் வாலை வைத்துத் தேடுகிறார்கள். கோமதி தட்டைப்புழுவை வைத்துத் தேடுகிறாள்.

அவளுடைய வழிகாட்டியான பீனா மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருவர் தம் வேலையை ஆய்வகத்தார் எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். வெற்றியை மட்டும் வைத்தால் போதாது. வராமல் போன சோதனையையும் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறன்று, அதே வேலையை வீட்டில் ஒருவரிடம், வீட்டு மொழியில், கலைச்சொல் எதுவும் கலக்காமல் சொல்லிக்காட்டிவிட்டு வர வேண்டும். கேட்டவர் என்ன கேள்வி கேட்டாரோ அதைக் குறித்து வந்து, பேச்சின் முதல் வரியாக ஆய்வகத்தில் சொல்ல வேண்டும். ஷிபின் என்ற மாணவன் நெடுமங்காடு சந்தையில் மீன் விற்கும் தன் சித்தப்பாவிடம் சொல்வானாம். "மீனை முறிச்சிட்டு அது பின்னெயும் வளரும்னு பறஞ்சா எண்டெ கச்சவடம் எந்தாவும்டா?" என்று அவர் கேட்டதுதான் அந்த ஆய்வகத்தில் இன்றுவரை சிறந்த முதல் கேள்வி. மீன் திரும்ப வளர்ந்துவிட்டால் தம் வியாபாரம் என்னாவது என்பது அவர் கவலை.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். முதல் ஞாயிறு இன்னும் நினைவிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு புழு இருக்கு. நகத்தை வெட்டிப் போட்டா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அதை ரெண்டா வெட்டுதேன்."

"ஐயோ, எதுக்குட்டி?"

"அதான் என் ஜோலி. வெட்டுனா தலைத்துண்டுக்கு வால் முளைக்கும், வால்துண்டுக்குத் தலை முளைக்கும். ரெண்டு புழு ஆயிரும்."

பக்கத்து அறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "வெட்டுறதுதான் ஜோலின்னா திருநெல்வேலியிலயே செஞ்சிருக்கலாமே. இதுக்கு வித்துராவுக்குப் பஸ் ஏறணுமா?"

"அப்பா, சும்மா இருங்கப்பா. இது பரீட்சை."

"தலை முளைக்கும்ங்கியே, மூளை?" என்றேன்.

"மூளையும் முளைக்கும். கண்ணும் முளைக்கும்."

"நடுவுல ஒரு துண்டு எடுத்தா?"

"அதுக்கு ரெண்டு பக்கமும் முளைக்கும். தலை போன பக்கம் தலை, வால் போன பக்கம் வால். மாறவே மாறாது, கேட்டோ."

"எந்தப் பக்கம் எது இருந்துச்சுன்னு அதுக்கு எப்படிட்டி தெரியும்?"

கோமதி பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். "அம்மா, லோகத்துல பாதிப் பேரு இதைத்தான் தேடிட்டு இருக்காங்க," என்றாள். அவள் கேலி செய்யவில்லை என்பதை உணரச் சற்று நேரமாயிற்று.

பிறகொரு நாள் என்னை அழைத்துப் போய் நுண்ணோக்கியில் காட்டினாள். கண்ணாடித் தட்டில் ஒரு பழுப்புத் துணுக்கு. நான்கு நாள்களுக்கு முன் தலை வெட்டப்பட்டது. தலையில்லாமலே அது வழுக்கிக்கொண்டு போயிற்று, எங்கோ போக வேண்டிய வேலை இருப்பதுபோல. வெட்டுப்பட்ட விளிம்பில் வெள்ளையாக ஒரு பிறை. "நாளைக்கு இந்த நேரம் வந்து பாரும்மா," என்றாள். மறுநாளும் பஸ் ஏறிப் போனேன். அந்தப் பிறைக்குள் கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கண்கள். என் வாழ்நாளில் நான் நிறையப் படித்திருக்கிறேன்; நூலகத்தில் இருந்தவளுக்கு வேறென்ன வேலை? ஆனால் அந்த இரண்டு புள்ளிகளுக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கண்ணை எடுக்கவும் மனம் வரவில்லை. பின்னால் நுண்ணோக்கிக்குக் காத்திருந்த ஒரு பெண் மெல்லச் செருமினாள்.

3

மூன்றாண்டு உழைப்பில் கோமதி ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு குறிப்பிட்ட மரபணுவின் வேலையைத் தடுக்கும் மருந்தை ஈரல் விழுதில் கலந்து ஊட்டினால், வெட்டுப்பட்ட புழுவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே கண் முளைத்தது. ஒரு நாள்தானே என்று நினைக்கக் கூடாது. ஆறேழு நாளில் முடியும் வேலையில் ஒரு நாள் என்பது பெரிது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதுதான். அதை நம்பியே ஒரு வெளிநாட்டு ஆய்வகம், பட்டம் முடிந்ததும் வந்து சேரும்படி அவளுக்கு எழுதியிருந்தது.

இதழில் அச்சாகும் முன்பே அதை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்துவிட்டாள். அவர்களுக்குள் அது இயல்பாம். வைத்த சில வாரங்களில் புனேயிலிருந்து சோனல் என்ற பெண் எழுதினாள். அவளும் ஆய்வு மாணவிதான். அவளும் தட்டைப்புழுவுக்குக் கண் முளைப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் புழுக்களை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள்.

கோமதி சிறு குழாய்களில் நீர் நிறைத்து, புழுக்களை விட்டு, மூடியைச் சுற்றி மெழுகுத்தாள் இழுத்து ஒட்டி, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்குவதை நான் பார்த்தேன். எந்த நாள் ஊட்டினாள், எங்கே கத்தி வைத்தாள், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதையெல்லாம் ஆறு பக்கத்தில் எழுதி உள்ளே வைத்தாள்.

"அவளும் இதேதானே செய்யுதா? இவ்வளவையும் தூக்கிக் கொடுத்துட்டா உனக்கு என்னட்டி மிச்சம்?"

"புழுதானேம்மா. வெட்டுனா நாளைக்கு ரெண்டாயிரும்."

"நான் புழுவைக் கேக்கல."

"தெரியும்," என்று சிரித்தாள். "அவ செஞ்சு பாத்து அவளுக்கும் வந்தாத்தான் அது உள்ளது. எனக்கு மட்டும் வந்தா அது வெறும் என் பாடு."

4

சோனலுக்கு வரவில்லை. மருந்து ஊட்டிய புழுவுக்கும் ஊட்டாத புழுவுக்கும் ஒரே நாளில் கண் முளைத்தது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். வருத்தத்தோடு எழுதியிருந்தாள் என்று கோமதி சொன்னாள்.

இருவரும் வீடியோவில் பேசினார்கள். நான் அடுக்களையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம், உப்பு, ஈரல், கத்தி, கை. ஒவ்வொன்றும் ஒத்துப்போயிற்று. பிறகு சோனல், கிண்ணங்களை எங்கே வைக்கிறாய் என்று கேட்டாள்.

"இன்குபேட்டரில்."

"சரி, எந்தத் தட்டில்?"

எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு முகம் காத்துக்கொண்டிருந்தது. என் மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சற்று விளக்க வேண்டும். இன்குபேட்டர் என்பது எப்போதும் ஒரே வெப்பத்தில் இருக்கும்படி வைத்த அலமாரி. மருந்து ஊட்டிய புழுக்களும் ஊட்டாத புழுக்களும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதில் கோமதிக்கு அத்தனை கவனம். எனவே ஊட்டியவற்றுக்குச் சிவப்பு நாடா ஒட்டி எப்போதும் மேல் தட்டு. ஊட்டாதவற்றுக்கு நீல நாடா ஒட்டி எப்போதும் கீழ்த் தட்டு. மூன்றாண்டுகளாக ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை. சோனலிடம் இருந்தது ஒரே தட்டு உள்ள சிறிய பெட்டி.

மறுநாள் கோமதி இரு தட்டிலும் தனித்தனி வெப்பமானி வைத்தாள். மேல் தட்டில் இரண்டு டிகிரி கூடுதல். சற்றுச் சூடான இடத்தில் புழுக்கள் சற்று விரைவாக வளரும். அது எல்லோருக்கும் தெரிந்ததே. பிறகு மருந்தே ஊட்டாத புழுக்களை வெட்டிப் பாதியை மேலும் பாதியைக் கீழுமாக வைத்தாள். மேலே இருந்தவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகக் கண் முளைத்தது.

அன்று மாலை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் இதைச் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, எடுத்ததை அதே தட்டில் வை என்று அவளுக்குப் பழக்கியவள் நான். நூலகத்தில் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. அவளுடைய பிழை அலட்சியத்தில் பிறக்கவில்லை; ஒழுங்கில் பிறந்தது. அந்த ஒழுங்கு என் வீட்டுச் சீதனம்.

5

பொதுக் கருத்தரங்கு மூன்று வாரத்தில் இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் அரங்கு அது. மதிப்பீட்டுக் குழுவும் வந்திருக்கும். மூன்றாம் அத்தியாயம் போனால் இன்னுமோர் ஆண்டு. வெளிநாட்டு ஆய்வகம் அதுவரை காத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவளிடம் சொன்னேன்: "இப்பவே சொல்லியாகணுமா? பட்டம் கையில வந்த பொறவு மெள்ளச் சொல்லிக்கிடலாம்லா? அந்தப் புனேக்காரப் பிள்ளைக்குத்தானே தெரியும்?"

கோமதி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அம்மா, நீங்களா சொல்லுதீங்க?" என்றாள். அவள் எனக்குப் பன்மை தருவது மிக அரிது.

நான்தான். பாளையங்கோட்டையில் கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பில், எனக்கு மட்டும் வேறு எண் வந்தது. எங்கள் வரிசையில் மற்றப் பதினொரு பேருக்கும் ஒரே எண். நான் இரண்டாம் முறை செய்து பார்த்தேன். அதே வேறு எண். மணி அடிக்கப் போகிறது. பக்கத்தில் இருந்தவள், "அழிச்சுட்டு எங்க நம்பரை எழுதுட்டி, பைத்தியம்," என்றாள். அழித்தேன். எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்தில் அவளைச் சந்தித்தபோது, அவர்கள் பதினொரு பேரும் ஒரே ஒருத்தியைப் பார்த்து எழுதியவர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ஒருத்தி யாரைப் பார்த்து எழுதினாள் என்பது அவளுக்கும் தெரியாது. என் எண் சரியாக இருந்ததா என்று இனி எவரும் சொல்ல முடியாது. அது அழிந்துவிட்டது.

இதைக் கோமதியிடம் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பீனா மேடம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'நிண்டெ வேலை, நீ தீருமானிச்சோ'ன்னுட்டாங்க. என் வேலை, முடிவும் நான்தான் எடுக்கணுமாம்." "பேடியாத்தான் இருக்கும்மா," என்றாள்; பயத்துக்கு அவள் வாயில் வருவது மலையாளச் சொல்தான்.

6

ஆய்வகத்தின் வாயிலில் ஒரு பெரிய பதிவேடு உண்டு. பெயர், ஊர், யாரைக் காண வந்தீர்கள். ஊர் என்ற இடத்தில் நான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு கணம் நிற்பேன். அன்று நிற்கக்கூட இல்லை. ஸ்ரீவராகம் என்று எழுதிவிட்டு உள்ளே ஓடினேன். என் கணவர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். "முன்னால உக்காராதே, உன் மூஞ்சியைப் பாத்தா பிள்ளை மறந்துரும்," என்று என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கோமதி ஆங்கிலத்தில் பேசினாள். முதல் இரண்டு அத்தியாயமும் ஓடை போலப் போயின. மூன்றாவது வந்தபோது திரையில் ஒரு படம் விழுந்தது: கதவு திறந்து கிடக்கும் ஓர் இன்குபேட்டர், மேல் தட்டில் சிவப்பு நாடா, கீழ்த் தட்டில் நீலம்.

"இந்த அத்தியாயத்தில் நான் வெளியிட்ட முடிவு தவறு," என்றாள். "தவறு எப்படி நேர்ந்தது என்று காட்டுகிறேன். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, புனேயில் சோனல்." சோனலின் பெயர் திரையில் கோமதியின் பெயருக்கு மேலே இருந்தது. அவள் ஒன்றையும் விடவில்லை. முதலில் என்ன நினைத்தாள், எதைச் சோதிக்காமல் விட்டாள், எந்தக் கேள்வியில் தடுமாறினாள், இரண்டு டிகிரி, எந்தப் புழுவுக்கு எப்போது கண் முளைத்தது. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அப்போது நடுவரிசையில் இருந்த ஓர் இளைஞன் எழுந்து வெளியே போனான். அவனைத் தொடர்ந்து இரண்டு பெண்கள். பிறகு ஷிபின். அவளோடு நான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டவன், தலையைக் குனிந்துகொண்டு விடுவிடென்று போனான். கதவு மூடுவதற்குள் இன்னும் மூவர். என் கணவர் என் கையைப் பிடித்தார். பிள்ளையை அவமதித்துவிட்டுப் போகிறார்கள் என்று என் நெஞ்சு எரிந்தது. கோமதி அங்கே தனியாக நின்று குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

நடைவழியின் இரு பக்கமும் கதவுகள் திறந்து கிடந்தன. ஷிபின் தரையில் மண்டியிட்டு, மீன் முட்டைகள் இருந்த ஓர் இன்குபேட்டருக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான். பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி ஓர் எண்ணைக் கத்தினாள். எதிர் அறையிலிருந்து ஒருவன் வேறோர் எண்ணைக் கத்தினான். ஒருத்தி வெப்பமானிகளை ஈரக் கையோடு ஏந்தி ஓடினாள். "எண்டெ ரெண்டு வர்ஷம், தெய்வமே!" என்று ஒருவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான், அவனைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே அவன் கிண்ணங்களை எந்தத் தட்டில் எது என்று பிரித்து எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பின்னாலேயே பீனா மேடம் வந்து நின்றார். "எந்தா அம்மே, பேடிச்சுப் போயோ?" பயந்துவிட்டீர்களா என்று கேட்டார். பிறகு எனக்காகத் தமிழில் முயன்றார்: "இது நல்லது. கேட்டது மனசிலாயா, எல்லாரும் ஓடிப் போய் நோக்கும். அதாணு கைதட்டு." கேட்டது புரிந்தால் ஓடிப் போய்த் தம் பெட்டியைப் பார்ப்பார்கள், அதுதான் இங்கே கைதட்டல் என்கிறார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். தலையற்ற துண்டுக்குக் கண் முளைத்ததைப் பார்த்தபோது ஊமையானது போலவே மீண்டும் ஊமையாகி நின்றேன். ஒருத்தி தன் பிழையை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்திருந்தாள். அதை அவர்கள் கொடை போல வாங்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். வெட்கப்பட அங்கே எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

குழு அரை மணி நேரம் கூடிப் பேசி, மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னது. வேறொரு சோதனை செய்து எழுத ஓர் ஆண்டு. கோமதி கையெழுத்திட்டுவிட்டு வந்தாள். புறப்படும் முன், இணையத்தில் இருந்த தன் கட்டுரையின் தலையில், இது தவறு, காரணம் இது என்று நான்கு வரி எழுதி, அந்தத் திறந்த அலமாரியின் படத்தையும் ஏற்றினாள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கும் அதையே அனுப்பினாள். அவர்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

மாலை பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். என் கணவர் ஜன்னலோரத்தில் உறங்கிவிட்டார்.

"ஒரு வருஷம்மா," என்றாள்.

"தெரியும்ட்டி."

நெடுமங்காடு தாண்டும்போது அவள் கைபேசி அதிர்ந்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கட்டுரையில் இருந்த அவள் முகவரிக்கு வந்த ஒரு படம். யாரோ ஒருவருடைய இன்குபேட்டர், கதவு திறந்தபடி. கிண்ணங்களின் மேல் ஒட்டியிருந்த எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாத எழுத்து. ஐந்து தட்டுகள்; ஐந்திலும் ஒவ்வொரு வெப்பமானி. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

"யாருட்டி இது?"

"தெரியாதும்மா," என்றாள். படத்தை விரல்களால் விரித்து, ஒவ்வொரு தட்டிலும் என்ன எண் என்று பார்க்கத் தொடங்கினாள். "எங்கேயோ புழு வளக்கிறவங்க."